எந்த முன்னோருக்குப் பிள்ளைகள் நாம்? குடும்பக் கடமையும் மரபும் - 'அவதார்' தொடர் எழுப்பும் கேள்வி

பெற்றோர் சொல்லுக்குக் கீழ்ப்படிவது நல்லது. முன்னோர் வகுத்த மரபைக் காப்பதும் நல்லது. இதை நம்மில் யாரும் மறுக்க மாட்டோம். ஆனால், இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது? குடும்பத்தின் மீதுள்ள அன்பு ஒரு பக்கமும், 'நம் வழக்கம் இதுதான்' என்ற சொல் மறு பக்கமும் நம்மை இழுக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது? இதைவிடக் கடினமான கேள்வியும் ஒன்று உண்டு. தந்தையின் கட்டளையே தவறாக இருந்தால், மகனின் கடமை என்ன?

இக்கேள்விகளைப் பெரியவர்களுக்கான நூல்கள் பல ஆராய்ந்துள்ளன. ஆனால், சிறுவர்களுக்கென்று எடுக்கப்பட்ட ஒரு கற்பனைத் தொலைக்காட்சித் தொடர் இவற்றை மிக ஆழமாகத் தொட்டிருக்கிறது. அதுதான் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அசைபடத் தொடர். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனிட்ஸ்கோ ஆகிய இருவர் உருவாக்கிய இத்தொடர், அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 2008ஆம் ஆண்டு ஜூலை வரை மூன்று பருவங்களாக, 61 பகுதிகளில் ஒளிபரப்பானது. 2008ஆம் ஆண்டுக்கான பீபடி விருதையும் பெற்றது. 2009இல் வந்த 'அவதார்' திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதே கதையை நடிகர்களைக் கொண்டு எடுத்த புதிய தொடர் 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தபின், பழைய தொடரையும் பல பிள்ளைகள் தேடிப் பார்க்கிறார்கள்.

இத்தொடரின் உலகில் மறுபிறவியும் ஆவிகளும் உண்டு. அவை நம் நம்பிக்கையைச் சார்ந்தவை அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ஆயினும் அக்கதையில் வரும் தந்தையரும் தாயரும் பிள்ளைகளும் நாம் அறிந்த மனிதர்களே. அவர்களைப் பற்றித்தான் இங்குச் சிந்திக்கிறோம்.

கதையின் பின்னணி

அந்த உலகில் நான்கு மக்களினங்கள் வாழ்கின்றன: நீர்க் குலத்தார், மண் அரசினர், நெருப்பு நாட்டார், காற்று நாடோடிகள். ஒவ்வோர் இனத்திலும் சிலர் தமக்குரிய பூதத்தை ஆளும் கலையைக் கற்றிருக்கிறார்கள். நான்கையும் ஆள வல்லவர் ஒருவர் மட்டுமே. அவரே 'அவதார்'. நெருப்பு நாட்டு அரசன் சோசின் உலகையே தன் ஆட்சிக்குள் கொண்டுவரப் போர் தொடுத்து, காற்று நாடோடிகளை அழித்துவிடுகிறான். புதிய அவதாரான ஆங் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் நூறு ஆண்டுகள் பனிப்பாறைக்குள் உறைந்து கிடக்கிறான். தென்துருவத்து நீர்க் குலத்தைச் சேர்ந்த கட்டாரா என்ற சிறுமியும் அவள் அண்ணன் சொக்காவும் அவனைக் கண்டெடுக்கிறார்கள். கதை அங்கே தொடங்குகிறது.

பனி நகரில் ஒரு வழக்கம்

கட்டாராவின் தாய் நெருப்பு நாட்டார் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டவர். தந்தை போருக்குச் சென்றிருக்கிறார். நீரை ஆளும் ஆற்றல் உள்ளவர் தென்துருவத்தில் இவள் ஒருத்தியே. அவளுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை. எனவே உலகின் மறுகோடியிலுள்ள வடதுருவத்து நீர்க் குலத்தை நாடிச் செல்கிறாள். அங்கே பாக்கூ என்ற பெரிய ஆசான் இருக்கிறார். ஆனால், அவர் அவளை ஏற்க மறுக்கிறார். பெண்கள் நீரால் நோய் தீர்க்கும் கலையை மட்டுமே கற்கலாம், போரிடும் கலையைக் கற்கக் கூடாது என்பது அந்நகரின் வழக்கம்.

ஒரு கணம் சிந்திப்போம். கட்டாரா இக்கலையைக் கற்க விரும்புவது பெருமைக்காக அல்ல. தன் குலத்தைக் காக்கவும் போரை முடிக்கவும் அவளுக்கு அது தேவை. அதாவது, குடும்பத்துக்கும் குலத்துக்கும் அவள் ஆற்ற வேண்டிய கடமைக்கு, அதே குலத்தின் வழக்கமே குறுக்கே நிற்கிறது. மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் குலத் தலைவர். அவளோ ஆசானையே போட்டிக்கு அழைக்கிறாள். போட்டியில் தோற்கிறாள்.

அப்போது அவள் கழுத்திலிருந்து விழுந்த பதக்கத்தைப் பாக்கூ எடுத்துப் பார்க்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன் அவரே தம் கையால் செதுக்கி, தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு அணிவித்த பதக்கம் அது. அந்தப் பெண் கன்னா, கட்டாராவின் பாட்டி. பாக்கூ அவரை நேசித்தார். ஆனால், விருப்பம் கேட்காமல் திருமணத்தை முடிவு செய்யும் வழக்கத்துக்குத் தம் வாழ்வை ஒப்படைக்க மனமில்லாமல், கன்னா அந்நகரைவிட்டே வெளியேறித் தென்துருவத்தில் குடியேறிவிட்டார். அந்த வழக்கம் தம்மிடமிருந்து எதைப் பறித்தது என்பது பாக்கூவுக்கு அன்றுதான் புரிகிறது. மறுநாள் கட்டாரா அவருடைய மாணவியாகிறாள். பின்னாளில் பாக்கூ தென்துருவத்துக்குச் சென்று, அக்குலத்தைக் கட்டியெழுப்ப உதவி, கன்னாவையே மணக்கிறார்.

வழக்கத்தைக் கட்டிக் காத்தவரே அந்த வழக்கத்தால் காயப்பட்டவர் என்பது இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. வீடுகளில் மிகக் கடுமையாகப் பேசும் பெரியவர்கள் சிலர், தாங்கள் இழந்ததைப் பற்றி ஒருநாளும் பேசியிராதவர்களாக இருக்கக்கூடும்.

கடமையை ஏற்ற இளவரசி

அதே நகரில் தலைவரின் மகள் யுவே. அவளுக்கும் ஓர் இளைஞன் நிச்சயிக்கப்பட்டிருக்கிறான். அவள் மனமோ சொக்காவிடம் செல்கிறது. ஆயினும் தன் மக்களுக்கான கடமையை எண்ணி, தன் விருப்பத்தை அடக்கிக்கொள்கிறாள். நெருப்பு நாட்டுத் தளபதி நிலவின் உயிரையே அழித்தபோது, குழந்தைப் பருவத்தில் நிலவிடமிருந்து தான் பெற்ற உயிரைத் திருப்பிக் கொடுத்துத் தன் மக்களைக் காப்பாற்றுகிறாள்.

கன்னா வெளியேறினார், யுவே உள்ளேயே நின்று தன்னைக் கையளித்தாள். இருவரில் யார் செய்தது சரி? தொடர் இருவரையும் மதிப்போடுதான் காட்டுகிறது. நகரைவிட்டுப் போனதால் கன்னா குடும்பத்தை வெறுத்தவர் ஆகிவிடவில்லை. அவர் தம் பேரப்பிள்ளைகளை அன்போடு வளர்த்தவர். உள்ளேயே நின்றதால் யுவே அடிமையாகிவிடவில்லை. தன் உயிரைக் கொடுப்பது என்ற இறுதி முடிவை அவளேதான் எடுத்தாள். தியாகம் என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. பிறர் பறித்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயரிட முடியாது.

தந்தையின் கட்டளை

தொடரின் மிக ஆழமான கதை நெருப்பு நாட்டு இளவரசன் ஸூக்கோவுடையது. பதின்மூன்று வயதில் அவன் போர் ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறான். புதிதாகச் சேர்ந்த வீரர்களின் படைப்பிரிவு ஒன்றை எதிரிக்கு இரையாக்கி வெற்றி பெறலாம் என்று ஒரு தளபதி திட்டம் சொல்கிறார். நாட்டை நேசிக்கும் வீரர்களை எப்படிப் பலிகொடுக்கலாம் என்று சிறுவன் எழுந்து கேட்கிறான். அதற்குத் தண்டனை, 'அக்னி காய்' எனப்படும் நெருப்புச் சண்டை. தளபதியோடு மோத வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தவன் திரும்பிப் பார்க்கிறான். எதிரே நிற்பவர் அவனுடைய தந்தை, அரசன் ஓசாய். அரசனின் அவையில் பேசியது அரசனையே அவமதித்தது என்பது அங்குள்ள முறை.

சிறுவன் முழந்தாளிட்டு மன்றாடுகிறான். தந்தைக்கு எதிராகக் கை ஓங்க மறுக்கிறான். ஓசாய் தன் மகனின் முகத்தைச் சுட்டெரிக்கிறான். பிறகு நாடு கடத்துகிறான். நூறு ஆண்டுகளாக யாரும் காணாத அவதாரைப் பிடித்து வந்தால்தான் இழந்த மானம் திரும்பக் கிடைக்கும் என்கிறான்.

முகத்தில் பெரும் வடுவோடு மகன் உலகெங்கும் அலைகிறான். தந்தையை வெறுக்க வேண்டிய அவன், தந்தையின் ஒப்புதலுக்காக ஏங்குகிறான். இது கற்பனை அல்ல. காயப்படுத்திய பெற்றோரின் ஒரு பாராட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள்.

அவனோடு ஒருவர் மட்டும் உடன் செல்கிறார். அவர் பெரியப்பா ஐரோ. ஒருகாலத்தில் புகழ்பெற்ற தளபதி. பா சிங் சே நகரின் முற்றுகையில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். அவர் ஸூக்கோவுக்குத் தேநீர் வைத்துக் கொடுக்கிறார், கலையைக் கற்பிக்கிறார், கோபத்தைப் பொறுத்துக்கொள்கிறார். தன்னைத்தானே கேள்வி கேட்கவும் கற்றுத்தருகிறார். ஆனாலும் இரண்டாம் பருவத்தின் முடிவில் ஸூக்கோ அவரையே காட்டிக்கொடுத்துத் தந்தையிடம் திரும்புகிறான்.

திரும்பியவனுக்கு எல்லாம் கிடைக்கிறது: அரண்மனை, மரியாதை, தந்தையின் பாராட்டு. மீண்டும் போர்க் கூட்டம் நடக்கிறது. இம்முறை மண் அரசு முழுவதையும் தீக்கிரையாக்கும் திட்டம் பேசப்படுகிறது. பதின்மூன்று வயதில் எழுந்து நின்றவன், பதினாறு வயதில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கிறான். தந்தை விரும்பிய மகனாக அன்று அவன் இருந்தான். ஆனால், தானாக இல்லை. அந்த உணர்வே அவனை மாற்றுகிறது.

சூரிய கிரகண நாளில் அவன் தந்தையின் முன் நிற்கிறான். பதின்மூன்று வயது மகனைச் சுட்டது கொடுமை என்கிறான்; நாம் தொடுத்த போரால் உலகம் நம்மைக் கண்டு அஞ்சுகிறது, வெறுக்கிறது என்கிறான். பிறகு தந்தையைத் தாக்காமல் வெளியேற முனைகிறான். ஓசாய் அவன்மீது மின்னலை ஏவுகிறான். ஐரோ கற்றுத்தந்த முறையால் அதைத் திசைதிருப்பி ஸூக்கோ உயிர் தப்புகிறான். அந்த முறையை ஐரோ கற்றது நீர்க் குலத்தாரைப் பார்த்து. எதிரி என்று சொல்லப்பட்டவரிடமிருந்து வந்த அறிவே அந்த மகனைக் காப்பாற்றுகிறது.

கீழ்ப்படிந்த மகள்

ஸூக்கோவின் தங்கை அசூலா, தந்தையின் சொல்லை ஒருநாளும் மீறாதவள். அறிவிலும் ஆற்றலிலும் அண்ணனை மிஞ்சியவள். வெளியிலிருந்து பார்த்தால் அவளே முன்மாதிரியான பிள்ளை. ஆனால், அவள் கற்றது அச்சத்தை மட்டுமே. தோழியர் இருவரையும் அச்சத்தால் கட்டிவைத்திருந்தாள். ஒருநாள் அவர்களும் விலகிவிடுகிறார்கள். இறுதியில் தந்தை அவளையும் விட்டுவிட்டுப் போருக்குப் போகிறான். அரச பட்டம் கிடைத்த நாளில் அவள் மனம் உடைந்து சிதறுகிறது.

கீழ்ப்படியாத மகன் நலமடைந்தான். கீழ்ப்படிந்த மகள் நொறுங்கினாள். இதைக் கீழ்ப்படிதலுக்கு எதிரான பாடமாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்பு இல்லாத இடத்தில் கேட்கப்படும் கீழ்ப்படிதல் பிள்ளையை எப்படி வெறுமையாக்குகிறது என்பதே இதன் பாடம்.

இரண்டு கொள்ளுத்தாத்தாக்கள்

சரி, தவறான மரபிலிருந்து வெளியேறியவன் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்? இதற்குத் தொடர் தரும் பதில் மிக அழகானது. ஸூக்கோ தந்தையை எதிர்க்கத் துணிவதற்குமுன், தன் குடும்ப வரலாற்றைத் தேடிப் படிக்கிறான். போரைத் தொடங்கிய சோசின் அவனுடைய கொள்ளுத்தாத்தா என்பது அவனுக்குத் தெரியும். ஆனால், சிறையிலிருக்கும் ஐரோ இன்னோர் உண்மையைச் சொல்கிறார். தாய்வழியில் அவனுக்கு இன்னொரு கொள்ளுத்தாத்தா உண்டு. அவர்தான் ரோக்கு, ஆங்குக்கு முன்பிருந்த அவதார். சோசினின் நண்பராக இருந்து, அவனது பேராசையை எதிர்த்து நின்றவர்.

குடும்பத்துக்கு உண்மையாயிரு என்று சொல்வது எளிது. ஆனால், ஒரே குடும்பத்தில் சோசினும் இருக்கிறார், ரோக்குவும் இருக்கிறார். யாருக்கு உண்மையாயிருப்பது? தந்தையைவிட்டு விலகியபோது ஸூக்கோ குடும்பத்தைவிட்டு விலகவில்லை. தன் குடும்பத்திலேயே இருந்த நல்லதன் பக்கம் சென்றான். குடும்பத்தின் பழைய பாவத்தைச் சரிசெய்யும் பொறுப்பையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டான். இதைவிடப் பெரிய குடும்பக் கடமை எது?

இதே உண்மை அவனுடைய கலையிலும் வெளிப்படுகிறது. ஆங்கோடு சேர்ந்தபின் அவனால் நெருப்பை எழுப்ப முடிவதில்லை. இதுவரை அவனுடைய நெருப்புக்கு எரிபொருள் கோபம். இப்போது அது இல்லை. இருவரும் நெருப்புக் கலை பிறந்த பழங்குடியினரின் இடிபாடுகளைத் தேடிச் செல்கிறார்கள். அங்கே உயிரோடிருக்கும் பறக்கும் நாகங்களிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள்: நெருப்பு அழிவு அல்ல, அது உயிரின் வெப்பம். அந்த நாகங்களை வேட்டையாடுவதைப் பெருமையாக்கியவன் சோசின். கடைசி நாகத்தைக் கொன்றவர் என்று பெயரெடுத்த ஐரோ, உண்மையில் அவற்றைக் காப்பதற்காகவே அப்படிச் சொல்லியிருந்தார்.

நூறாண்டு வழக்கத்தைத் திருத்தியது புதுமை அல்ல. அதைவிடப் பழைமையான மரபு. கிளை வளைந்துபோனால் வேரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இத்தொடரின் மையச் செய்தி என்று நாம் கருதுகிறோம்.

மரபைக் காத்த சிறுவன்

மரபு எப்போதும் விடப்பட வேண்டியது என்று யாரும் எண்ணிவிடாதபடி, தொடர் ஆங்கின் கதையோடு முடிகிறது. ஓசாயைக் கொன்றால்தான் உலகம் பிழைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முற்பிறவிகளின் அவதார்களிடம் ஆலோசனை கேட்கிறான். ஆங்கைப் போலவே காற்று நாடோடிகள் இனத்தில் பிறந்த யாங்செனும், உலகின் நன்மைக்காக உன் ஆன்மிக நிறைவைத் தியாகம் செய் என்றே சொல்கிறார். ஆனால், எல்லா உயிரும் புனிதம் என்பது ஆங்கை வளர்த்த துறவியரின் படிப்பினை. அந்த இனத்தில் எஞ்சியவன் அவன் ஒருவனே. அவன் அதைக் கைவிட்டால் அந்த மரபு அவனோடு அழிந்துவிடும்.

அவன் மூன்றாம் வழி ஒன்றைக் காண்கிறான். ஓசாயைக் கொல்லாமல், நெருப்பை ஆளும் ஆற்றலை மட்டும் அவனிடமிருந்து நீக்கிவிடுகிறான். கடமையும் நிறைவேறியது, மரபும் பிழைத்தது. கட்டாரா ஒரு வழக்கத்தை மீறியதும், ஆங் ஒரு மரபைக் காத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். இரண்டிலும் காக்கப்பட்டது உயிர்.

நற்செய்தியில் இதே கேள்வி

குடும்பக் கடமையும் மரபும் மோதும் இடம் நற்செய்தியிலும் உண்டு. மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், பரிசேயரும் மறைநூல் அறிஞரும் மூதாதையர் மரபைக் குறித்து இயேசுவிடம் கேள்வி எழுப்புகிறார்கள். அவர் 'கொர்பான்' என்ற வழக்கத்தைச் சுட்டிக்காட்டுகிறார் (மாற் 7:9-13). பெற்றோருக்குத் தர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று ஒருவர் அறிவித்துவிட்டால், பெற்றோருக்கு உதவும் கடமையிலிருந்து அவர் விலகிவிட அவ்வழக்கம் இடம் கொடுத்தது. வயதான தாயும் தந்தையும் கைவிடப்பட்டார்கள். அதற்குப் பக்தியின் பெயர் சூட்டப்பட்டது.

இயேசு எதைக் கொண்டு அதைத் திருத்துகிறார்? தாய் தந்தையை மதிக்கும் கட்டளையைக் கொண்டு. அதாவது, மனிதர் சேர்த்த வழக்கத்தைவிடப் பழைமையான வேரைக் கொண்டு. நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இந்தத் தெளிவையே தருகிறது. பெற்றோருக்குப் பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும். ஆனால், ஒரு குறிப்பிட்ட கட்டளை அறநெறிக்கு மாறானது என்று மனச்சான்றில் உறுதியாக உணர்ந்தால் அதற்குக் கீழ்ப்படியக் கூடாது. பிள்ளைகள் தம் காலில் நிற்கத் தொடங்கும்போது கீழ்ப்படியும் கடமை முடிகிறது. மதிக்கும் கடமையோ என்றும் முடிவதில்லை (எண் 2217). ஸூக்கோ தந்தையைத் தாக்காமல் உண்மையை மட்டும் சொல்லி வெளியேற முனைந்த காட்சியை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நம் இல்லங்களுக்கு

படிப்பு, தொழில், திருமணம், சொத்து, முதியோரைப் பேணுதல் என்று எத்தனையோ இடங்களில் இந்த மோதல் நம் வீடுகளுக்குள்ளும் வருகிறது. அப்போது மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: இந்த வழக்கம் யாரைக் காக்கிறது? வீட்டில் வலிமை குறைந்தவரைக் காக்கிறதா, வலிமை மிக்கவரின் வசதியைக் காக்கிறதா?

இரண்டாவது: இதன் வேர் எது? நம் முன்னோர் எந்த நன்மைக்காக இதைத் தொடங்கினார்கள்? அந்த நன்மை இன்றும் இதில் இருக்கிறதா?

மூன்றாவது: 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தால், அதை மதிப்போடு சொல்ல நம்மால் முடிகிறதா? சொல்லிவிட்டு, திரும்பிவரக் கதவைத் திறந்தே வைக்கிறோமா?

பெற்றோருக்கும் ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளைகள் நமக்குக் கீழ்ப்படிவது அன்பினாலா, அச்சத்தினாலா? அசூலாவின் அமைதியை ஒழுக்கம் என்று நாம் தவறாக எண்ணிவிடக் கூடாது. எழுந்து நின்று கேள்வி கேட்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், அவமதிப்பைக் காண்பதற்குமுன் மனச்சான்றைக் காணப் பழகுவோம்.

தொடரின் இறுதிப் பகுதிகளில் ஒரு காட்சி வருகிறது. தான் காட்டிக்கொடுத்த ஐரோவின் கூடாரத்துக்கு ஸூக்கோ இரவில் செல்கிறான். அவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். விடியும்வரை அருகிலேயே காத்திருக்கிறான். அவர் எழுந்ததும், கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான். அவன் பேசி முடிக்கும்முன்பே ஐரோ அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். அவர் அவன்மீது ஒருநாளும் கோபப்படவில்லை; அவன் வழி தவறிவிட்டானோ என்றுதான் கலங்கியிருந்தார்.

சுட்ட தந்தையும் அணைத்த பெரியப்பாவும் ஒரே குடும்பத்தினர். ஒரே மரபில் வளர்ந்த அண்ணன் தம்பியர். ஒருவர் மரபைக் கொண்டு மகனை எரித்தார். மற்றவர் அதே நெருப்பில் தேநீர் காய்ச்சி, மகனல்லாத மகனுக்குக் கொடுத்தார். நம் கையில் இருக்கும் மரபைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று நம் வீட்டாரோடு அமர்ந்து சிந்திப்போம்.